"ஈப்போ எவ்வளவு தூரம்?" "அரை மணி நேரம்!": வேகம், தூரம், நேரக் கணக்குகளை எப்படிப் போடுவது

சுங்கை சிப்புட்டில் யாரையாவது நிறுத்தி, "அண்ணே, ஈப்போ எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். "அரை மணி நேரம் ஆகும் தம்பி" என்பார். கேட்டது தூரம், வந்தது நேரம். ஆனாலும் கேட்டவர் குழம்ப மாட்டார். மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்று ஒரு வேகம் இருவர் மனத்திலும் சொல்லாமலே இருக்கிறது. அதை வைத்து அவரே 30 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்வார்.

தீபாவளிக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் பேச்சு இன்னொரு ரகம். "கே.எல்.லிருந்து 110-லேயே வந்தேன் மாமா" என்பான் ஒருவன். எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டால் இரண்டரை மணி நேரம் என்பான். தூரம் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். அதை இரண்டரையால் வகுத்தால் 92 வருகிறது. 110 எங்கே போனது? தம்பி பொய் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் மீட்டர் முள் 110-இல் நின்றதை அவன் கண்ணால் பார்த்தான். தாப்பா ஓய்விடத்தில் தே தாரிக் குடித்ததும், டோலில் வரிசை பிடித்ததும், சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்றதும் முள்ளில் தெரியாது. கடிகாரத்தில் தெரியும்.

பேச்சுக்கு இந்தத் தளர்வு போதும், தேர்வுக்குப் போதாது. முதலாம் படிவத்தில் நேரியல் சமன்பாடு வருகிறது. இரண்டாம் படிவத்தில் வேகத்துக்கும் முடுக்கத்துக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. இரண்டும் ஒரே கேள்வியில் சேர்ந்து வந்தால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பெருக்கல் வகுத்தல் எல்லாம் அதற்குத் தெரியும். கதையைக் கணக்காக மாற்றும் இடத்தில்தான் தடுமாறுகிறது. இந்தக் கட்டுரை அந்த ஓர் இடத்தைப் பற்றியது. முடுக்கத்தை இங்கே தொடப்போவதில்லை.

## கிலோ பதினாறு வெள்ளி

சந்தையில் கெம்போங் மீன் கிலோ 16 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிலோ வாங்கினால் 48 வெள்ளி. கையில் 40 வெள்ளிதான் இருக்கிறது என்றால் இரண்டரை கிலோ வாங்கலாம். இரண்டு கிலோவுக்கு 32 வெள்ளி கொடுத்திருந்தால் விலை கிலோ 16 என்று தெரிகிறது. இதற்கு யாரும் சூத்திரம் மனப்பாடம் செய்வதில்லை. விலையை எடையால் பெருக்கினால் தொகை, தொகையை விலையால் வகுத்தால் எடை.

வேகமும் இந்த மாதிரி ஒரு விலைதான். வேகம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கும் என்ற விகிதம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால், ஒரு மணி நேரம் கொடு, 60 கிலோமீட்டர் வாங்கிக்கொள். இரண்டு மணி நேரம் கொடுத்தால் 120. அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் 30. வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம், தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம், தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்.

இந்த ஒப்பீடு ஒரு பழைய குழப்பத்தையும் தீர்த்து வைக்கும். "மணிக்கு 60 என்றால் ஒரு மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டுமே, நான் அஞ்சு நிமிஷம்தானே ஓட்டினேன்?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. பலகையில் கிலோ 16 வெள்ளி என்று போட்டிருக்கும்போது கால் கிலோ வாங்குகிறவரும் அதே விலையில்தான் வாங்குகிறார். மணிக்கு 60 என்பதும் நிமிடத்துக்கு 1 கிலோமீட்டர் என்பதும் ஒரே வேகம். அதையே நொடிக்குச் சொன்னால் ஏறக்குறைய 17 மீட்டர். சாலையைக் கடக்க நிற்கும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய எண் அது.

மீனுக்கும் மோட்டாருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முதல் கிலோவுக்கும் மூன்றாவது கிலோவுக்கும் மீன்காரர் ஒரே விலைதான் சொல்வார். வண்டியின் வேகமோ நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதனால் முழுப் பயணத்துக்கும் சேர்த்து ஓர் எண் தேவைப்படுகிறது. மொத்தத் தூரத்தை, நின்ற நேரத்தையும் சேர்த்த மொத்த நேரத்தால் வகுத்தால் வருவது சராசரி வேகம். தீபாவளித் தம்பியின் 92 அதுதான். தேர்வுக் கேள்வியில் "சீரான வேகத்தில்" என்று எழுதியிருந்தால், வேகம் வழியில் மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்தது: வேகம் ஒரு விகிதம். அதை நேரத்தால் பெருக்கினால் தூரம். வழியில் வேகம் மாறினால் மொத்தத் தூரத்தையும் மொத்த நேரத்தையும் மட்டும் நம்ப வேண்டும், முள்ளை நம்பக் கூடாது.

## 1.30 ஒன்றரை அல்ல

கதைக் கணக்குக்குப் போகும் முன் ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். டியூஷனில் ஒரு மாணவியின் நோட்டில் இருந்த வரி இது: 80 × 1.30 = 104. கேள்வி, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 1 மணி 30 நிமிடம் போன கார் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது. கால்குலேட்டர் சரியாகத்தான் பெருக்கியது. அதற்குக் கொடுத்த எண்தான் தவறு. கடிகாரத்தில் 1.30 என்றால் ஒன்றரை. கால்குலேட்டரில் 1.30 என்றால் ஒன்றும், பத்தில் மூன்று பங்கும். அதாவது 1 மணி 18 நிமிடம். சரியான விடை 80 × 1.5, 120 கிலோமீட்டர். ஒரு புள்ளியால் 16 கிலோமீட்டர் காணாமல் போயிற்று.

ஒரு மணிக்கு 60 நிமிடம், நம் எண்களோ பத்துப் பத்தாக ஏறுகின்றன. கோளாறு அங்கேதான். எனவே நிமிடம் வந்தால் அதை 60-ஆல் வகுத்து, பின்னமாகவே வைத்துக்கொள்வது நல்லது. 15 நிமிடம் கால் மணி, 20 நிமிடம் மூன்றில் ஒன்று, 40 நிமிடம் மூன்றில் இரண்டு. மணிக்கு 90 வேகத்தில் போன இருபது நிமிடத்தை 0.33 என்று எழுதுகிறவருக்குக் கடைசியில் 29.7 கிலோமீட்டர் என்று ஒரு விடை வரும். 1/3 என்று எழுதுகிறவருக்கு 30 வரும். திரும்பி வரும்போதும் கவனம் தேவை. 0.4 மணி என்று விடை வந்தால் அது 40 நிமிடம் அல்ல. 60-ஆல் பெருக்கினால் 24 நிமிடம்.

தூரத்திலும் இதே தொல்லை உண்டு. தாத்தா பாட்டிமார் இன்னும் கட்டைக் கணக்கில் பேசுவார்கள். ஒரு கட்டை என்பது ஒரு மைல், ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். கேள்வித்தாளில் கட்டை வராது, ஆனால் மீட்டரும் நொடியும் வரும். நொடிக்கு இத்தனை மீட்டர் என்பதை மணிக்கு இத்தனை கிலோமீட்டராக்க 3.6-ஆல் பெருக்க வேண்டும். ஒரு மணியில் 3600 நொடி, ஒரு கிலோமீட்டரில் 1000 மீட்டர். 3600-ஐ 1000-ஆல் வகுத்தால் 3.6. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை புரிந்துவிட்டால், பெருக்குவதா வகுப்பதா என்று தேர்வு அறையில் முழிக்க வேண்டியதில்லை.

## முக்கோணம் எங்கே கைவிடுகிறது

பல வகுப்புகளில் ஒரு முக்கோணம் வரைந்து கொடுக்கிறார்கள். மேலே தூரம், கீழே வேகமும் நேரமும். வேண்டியதை விரலால் மறைத்தால் மிச்சம் இருப்பதே சூத்திரம். எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. இரண்டு தெரிந்து மூன்றாவதைக் கேட்டால் அது வேலை செய்யும். ஆனால் கதைக் கணக்கு அப்படிக் கேட்காது. இரண்டு வண்டிகள் இருக்கும், ஒன்று பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பும், எங்கே சந்திக்கும் என்று கேட்பார்கள். எதை விரலால் மறைப்பது? ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்றுதான் தெரியும், இரண்டு தெரியாது. முக்கோணத்தை மட்டும் நம்பி வந்த பிள்ளை, கேள்வியில் கண்ணில் பட்ட எண்களைப் பிடித்து வகுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

அதற்குப் பதிலாக ஒரு கட்டம் போடுங்கள். மூன்று பத்தி: வேகம், நேரம், தூரம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரிசை. ஒரே லோரி போய்த் திரும்பினாலும் அது இரண்டு பயணம், இரண்டு வரிசை.

நிரப்பும் முறை இது. கதை நேரடியாகச் சொல்லும் எண்களை முதலில் போடுங்கள். தெரியாதவற்றில் ஒன்றைத் தேர்ந்து அதற்கு ஓர் எழுத்து வையுங்கள். இந்த எழுத்துக்கு மாறி என்று பெயர். பள்ளியில் ஆங்கில எழுத்து வைப்பார்கள், நாம் இங்கே நேரத்துக்கு ந, தூரத்துக்கு த என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு கட்டம் நிரம்பியிருக்கும். மூன்றாவது கட்டத்தைக் கதையைப் பார்த்து நிரப்பாதீர்கள். மற்ற இரண்டையும் பெருக்கியோ வகுத்தோ நிரப்புங்கள்.

எல்லாம் நிரம்பிய பிறகு கேள்வியை மறுபடி படித்தால், இன்னும் பயன்படுத்தாத ஒரு வாக்கியம் மிச்சம் இருக்கும். "இருவரும் வழியில் சந்தித்தார்கள்", "லோரியைப் பிடித்துவிட்டான்", "ஐந்து நிமிடம் தாமதம்" என்று ஏதாவது ஒன்று. அந்த வாக்கியம்தான் சமன்பாடு. அதாவது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு என்று எழுதும் வரி. சூத்திரம் கட்டத்தை நிரப்பத்தான். சமன்பாடு கதையிலிருந்து வருகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

## எதிரெதிரே வந்தால்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மோட்டார் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஈப்போவுக்குக் கிளம்புகிறது. அதே நேரத்தில் ஈப்போவிலிருந்து ஒரு பஸ் மணிக்கு 36 வேகத்தில் சுங்கை சிப்புட்டுக்குக் கிளம்புகிறது. இடையில் 30 கிலோமீட்டர். எப்போது சந்திக்கும்?

மோட்டார்: வேகம் 54, நேரம் ந, தூரம் 54ந.
பஸ்: வேகம் 36, நேரம் ந, தூரம் 36ந.

ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் சந்திப்பதால் இருவருக்கும் ந ஒன்றுதான். மிஞ்சிய வாக்கியம், இடைத்தூரம் 30 என்பது. சந்திக்கும் நொடியில் இருவரும் சேர்ந்து முழுச் சாலையையும் முடித்திருப்பார்கள். ஆக 54ந + 36ந = 30. அதாவது 90ந = 30, ந மூன்றில் ஒன்று, 20 நிமிடம். மோட்டார் 18 கிலோமீட்டர் வந்திருக்கும், பஸ் 12. கூட்டினால் 30. சிம்மோர் பக்கம் எங்கோ இரண்டும் ஒன்றையொன்று கடக்கும்.

இப்போது பஸ் 10 நிமிடம் தாமதமாகக் கிளம்பினால்? இங்கேதான் கூட்டுவதா கழிப்பதா என்று தகராறு வரும். சந்திக்கும் நொடியில் நின்றுகொண்டு பின்னோக்கிப் பாருங்கள். யார் அதிக நேரம் சாலையில் இருந்திருப்பார்? முதலில் கிளம்பியவர். ஆகவே மோட்டாருக்கு ந என்றால் பஸ்ஸுக்கு அதைவிட ஆறில் ஒரு மணி குறைவு, ந − 1/6. சமன்பாடு 54ந + 36(ந − 1/6) = 30. அடைப்பை விரித்தால் 90ந − 6 = 30, ந = 0.4 மணி, 24 நிமிடம். மோட்டார் 21.6 கிலோமீட்டர், பஸ் 14 நிமிடத்தில் 8.4. கூட்டினால் மறுபடி 30.

எதிரெதிரே வந்தால் வேகங்களைக் கூட்டி இடைத்தூரத்தை வகு, ஒரே திசையில் போனால் வேகங்களைக் கழித்து வகு என்ற விதி ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய சுலோகம் ஒன்றிலேயே இருக்கிறது. அவருக்கு வேண்டியிருந்தது கோள்கள் வானில் எப்போது சேரும் என்ற கணக்கு. ஆயிரத்து ஐந்நூறு வருடம் கழித்து நாம் அதில் பஸ்ஸை ஏற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

## லோரியைத் துரத்துவது

ஒரே திசைக் கணக்குக்குத் தோட்டத்திலேயே நல்ல கதை இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆலைக்குப் போகிறது. அது போய் 15 நிமிடம் கழித்து, சரக்குச் சீட்டு தன் மேசையிலேயே கிடப்பதைக் கிராணி பார்க்கிறார். சீட்டு இல்லாமல் போனால் லோரி எடைமேடையில் காத்துக் கிடக்கும். குலையோ காத்திருக்காது. வெட்டிய பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெயின் தரம் இறங்கும். 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைத்துவிட வேண்டும் என்பது அதனால்தான். ஒரு பையனை மோட்டாரில் அனுப்புகிறார். அவன் வேகம் மணிக்கு 60. எப்போது பிடிப்பான்?

மோட்டார்: வேகம் 60, நேரம் ந, தூரம் 60ந.
லோரி: வேகம் 40, நேரம் ந + 1/4, தூரம் 40(ந + 1/4).

மிஞ்சிய வாக்கியம், "பிடிப்பான்". பிடிப்பது என்றால் இருவரும் ஒரே இடத்தில் இருப்பது. இருவரும் ஒரே தோட்டத்திலிருந்து கிளம்பியதால் தூரமும் ஒன்றே. ஆக 60ந = 40(ந + 1/4), அதாவது 60ந = 40ந + 10, ந அரை மணி. மோட்டார் அரை மணி நேரம் ஓடி 30 கிலோமீட்டரில் லோரியைப் பிடிக்கும். லோரி முக்கால் மணி நேரத்தில் அதே 30 கிலோமீட்டர் போயிருக்கும். சரியாக இருக்கிறது.

பத்தைக் கவனியுங்கள். பையன் கிளம்பும்போது லோரி முன்னால் இருந்த தூரம் அது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற வேக வித்தியாசத்தில் அந்த 10 கிலோமீட்டரைத் தின்ன அரை மணி நேரம். ஆரியபட்டர் சொன்ன கழித்தல் இதற்குள்தான் இருக்கிறது. அதைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கட்டம் போட்டால் தானாக வந்துவிடும்.

ஆலை எங்கே இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. 25 கிலோமீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். 30-ஆவது கிலோமீட்டரில் லோரியைப் பிடிப்பது எப்படி? ஆலையின் வாசலைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் போனால்தான் முடியும். சமன்பாடு பொய் சொல்லவில்லை, அதற்கு ஆலை இருப்பது தெரியாது. லோரி 25 கிலோமீட்டரை 37 நிமிடம் 30 நொடியில் முடிக்கும். பையன் 15 நிமிடம் கழித்துக் கிளம்பி 25 நிமிடம் ஓட்டுவான், மொத்தம் 40 நிமிடம். லோரி எடைமேடை வரிசையில் நின்று இரண்டரை நிமிடம் கழித்துத்தான் "அண்ணே, சீட்டு!" என்று போய்ச் சேருவான். தேர்வில் ஆலையின் தூரத்தையும் சேர்த்துக் கொடுத்து, "வழியில் பிடிக்க முடியுமா?" என்று கேட்பது ஆசிரியர்களுக்குப் பிடித்த வித்தை. அரை மணி என்று எழுதிவிட்டு நிறுத்தியவருக்குப் பாதி மதிப்பெண்.

இன்னொரு சின்ன விஷயம். ந = 1/2 என்று வந்ததும், அது யாருடைய நேரம் என்று பாருங்கள். நம் கட்டத்தில் ந பையனுடையது. லோரி கிளம்பி எவ்வளவு நேரத்தில் என்று கேட்டிருந்தால் விடை 45 நிமிடம்.

இதுவரை பார்த்தது: எதிரெதிரே வந்தால் தூரங்களின் கூட்டுத்தொகை தெரியும். துரத்திப் பிடித்தால் தூரங்கள் சமம். இரண்டிலும் தாமதத்தை நேரப் பத்தியில்தான் எழுதுகிறோம், வேகப் பத்தியில் அல்ல.

## போக 60, வர 40

ஈப்போவுக்குப் போகும்போது மணிக்கு 60, வரும்போது லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு 40. சராசரி வேகம் என்ன? பத்துப் பேரில் ஒன்பது பேர் 50 என்பார்கள். கட்டம் போடுங்கள்.

போக: வேகம் 60, தூரம் 30, நேரம் 1/2 மணி.
வர: வேகம் 40, தூரம் 30, நேரம் 3/4 மணி.

மொத்தம் 60 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். 60-ஐ 1.25-ஆல் வகுத்தால் 48.

ஏன் 50 இல்லை? 60-இல் ஓட்டியது 30 நிமிடம்தான், 40-இல் ஓட்டியது 45 நிமிடம். மெதுவான வேகத்தில் அதிக நேரம் கழிந்ததால் சராசரியும் அந்தப் பக்கம் சாய்கிறது. இதையே அரை மணி நேரம் 60-இல், அரை மணி நேரம் 40-இல் ஓட்டியிருந்தால் 30 + 20, ஒரு மணியில் 50 கிலோமீட்டர், சராசரி 50. நேரங்கள் சமமாக இருந்தால் மட்டும் வேகங்களைக் கூட்டிப் பாதியாக்கலாம். தூரங்கள் சமம் என்றால் கூடாது. ஈப்போ 30 கிலோமீட்டர் என்பதுகூட இங்கே முக்கியமில்லை. தூரத்துக்கு த என்று வைத்துச் செய்து பாருங்கள், த அடிபட்டுப்போய் அதே 48 வரும்.

இதிலிருந்து ஒரு புதிர். போகும்போது கொட்டும் மழை, 30-இல்தான் ஓட்ட முடிந்தது. போய் வந்த மொத்தப் பயணத்துக்கும் சராசரி 60 வர வேண்டும் என்றால் திரும்பும்போது எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும்? 90 என்று உடனே பதில் வரும். போய் வர 60 கிலோமீட்டர். சராசரி 60 என்றால் மொத்தம் ஒரு மணி நேரம்தான் கையில். போவதற்கே ஒரு மணி நேரம் செலவாகிவிட்டது. திரும்பி வர மிச்சம் பூஜ்யம் நிமிடம். எந்த வண்டியாலும் முடியாது.

வேகத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு இப்படி வளைந்தது என்பதை ஈப்போ சாலையை வைத்தே பார்க்கலாம். 30-இல் போனால் 60 நிமிடம். 60-இல் 30 நிமிடம். 90-இல் 20 நிமிடம். 120-இல் 15 நிமிடம். ஒவ்வொரு முறையும் வேகம் 30 கூடுகிறது, மிச்சமாகும் நேரமோ முப்பது, பத்து, ஐந்து என்று தேய்கிறது. பெருநாள் காலத்தில் கூட்டரசுச் சாலைகளில் 90 என்ற வரம்பை 80 ஆக்கும்போது எல்லோரும் முணுமுணுக்கிறோம். 30 கிலோமீட்டருக்கு அதனால் கூடுவது இரண்டரை நிமிடம்.

## ஐந்து நிமிடம் முன்னே, ஐந்து நிமிடம் பின்னே

கடைசியாக ஒன்று, தூரமே தெரியாத கணக்கு. தொழிற்சாலை பஸ் தாமானிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது. ஷிஃப்ட் காலை 7:00 மணிக்கு. மணிக்கு 40-இல் போனால் 5 நிமிடம் தாமதம். 60-இல் போனால் 5 நிமிடம் முன்பே போய்விடுகிறது. தொழிற்சாலை எவ்வளவு தூரம்?

முதல் பார்வைக்கு இதில் எதுவுமே கொடுக்காத மாதிரி இருக்கும். கட்டம் போட்டால் தெளியும்.

மெதுவாக: வேகம் 40, தூரம் த, நேரம் த/40.
விரைவாக: வேகம் 60, தூரம் த, நேரம் த/60.

இம்முறை நேரப் பத்தியைத்தான் கணக்கிட்டு நிரப்பினோம். மிஞ்சிய வாக்கியமும் நேரத்தைப் பற்றியது. 5 நிமிடம் பின்னே, 5 நிமிடம் முன்னே. இரண்டுக்கும் இடையில் 10 நிமிடம், ஆறில் ஒரு மணி. ஐந்திலிருந்து ஐந்தைக் கழித்துப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, கேள்வி தவறு என்று வாதாடும் பிள்ளைகளும் உண்டு. ஏழு மணிக்கு அந்தப் பக்கம் ஐந்து, இந்தப் பக்கம் ஐந்து என்று ஒரு கோடு வரைந்து காட்டினால் சண்டை தீர்ந்துவிடும்.

த/40 − த/60 = 1/6. இடது பக்கத்தை 120-க்குக் கொண்டு வந்தால் 3த/120 − 2த/120, அதாவது த/120. ஆக த/120 = 1/6, த = 20 கிலோமீட்டர். சரிபார்ப்போம். 40-இல் 20 கிலோமீட்டர் போக 30 நிமிடம், 60-இல் 20 நிமிடம். பஸ் 6:35-க்குக் கிளம்பினால் முதல் வழியில் 7:05, இரண்டாவது வழியில் 6:55.

இதைப் போட்டு முடித்த பிள்ளைகளிடம் இன்னொன்று கேட்பேன். சரியாக 7:00 மணிக்குப் போய்ச் சேர எந்த வேகம் வேண்டும்? 40-க்கும் 60-க்கும் நடுவில் 50 என்று பாதிப் பேர் கத்துவார்கள். 50-இல் போனால் 20 கிலோமீட்டருக்கு 24 நிமிடம், பஸ் 6:59-க்கே வாசலில் நிற்கும். கையில் இருப்பது 25 நிமிடம். 20-ஐ 25/60-ஆல் வகுத்தால் 48.